வீடு பார்க்கப் போனோம், மேற்கே!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டை விலைக்கு வாங்கிப் பார் என்று யாரும் சொல்லவில்லை. அந்த நாளில் அதற்கு அவசியம் வந்திருக்காது. இன்று நம்மில் பெரும்பாலோர் செய்வது அதைத்தான். ஒரு புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். முந்தானையைப் பிரித்து வெளிச்சத்தில் பார்க்கிறோம். சாயம் போகுமா என்று மூன்று தடவை கேட்கிறோம். இருபது வருஷம் தவணை கட்டப் போகிற வீட்டை மட்டும் அரை மணி நேரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல காத்தோட்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்!

என் தங்கை வில்லிவாக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. ஒருநாள் வந்து உட்கார்ந்துகொண்டு, "அக்கா, நாலு ஞாயித்துக்கிழமையை எனக்காக ஒதுக்கிடு. வீடு பார்க்கணும். அவரும் புரோக்கரும் விலை, பத்திரம்னு பேசிக்கிட்டே போயிடறாங்க. எனக்கு என்ன கேக்கறதுன்னே தெரியலை" என்றாள். பாங்குக் கடன் போக, கல்யாணத்துக்குப் போட்ட நகையில் பன்னிரண்டு பவுனை விற்பதாக ஏற்பாடு. பன்னிரண்டு பவுன் என்றால் விளையாட்டா? கிளம்பிவிட்டேன்.

அந்த நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பார்த்ததையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன். வீடு வாங்கும் எண்ணத்தில் இருக்கும் சகோதரிகளுக்கு உபயோகப்படும்.

ஏன் மேற்கே?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியதே இந்தத் திசையில்தான். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போயிற்று. இன்றைக்கும் சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி என்று வரிசையாக ஊர்கள் வரும். 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. அடுத்த வருஷம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. ஷிப்டு வேலைக்குப் போன குடும்பங்கள் சீட்டுக் கட்டி, நகை வைத்து, ஒரு கிரவுண்டோ அரைக் கிரவுண்டோ வாங்கி வீடு கட்டிக்கொண்டன. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-ல் ஆவடியே தனி மாநகராட்சி ஆகிவிட்டது.

இதெல்லாம் தரகர்கள் ஆசையோடு சொல்வார்கள். சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. தொழிற்சாலை வருவதற்கு முன் இது ஏரிப் பாசன பூமி. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டு ஏரி, கோவில்பதாகை ஏரி, தெற்கே கூவம் ஆறு. ஓர் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து, கால்வாய் பிடித்து, அடுத்த ஏரிக்குப் போகும். அம்பத்தூர் ஏரியில் வழிகிற தண்ணீர் கொரட்டூர் ஏரிக்குத்தான் வரும். நடுவே இருந்த வயல்களில் இப்போது நம் வீடுகள் இருக்கின்றன. தண்ணீருக்கு அது தெரியாது. அது பழைய வழியிலேயே வரும்.

ஆகவே இந்தப் பக்கம் வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீரைப் பற்றி மூன்று கேள்வி கேட்க வேண்டும். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? மழைத் தண்ணீர் எங்கே நிற்கிறது? சுவருக்கு வேறு வண்ணம் அடிக்கலாம், சமையலறை மேடையை இடித்துக் கட்டலாம், ஜன்னலைப் பெரிசாக்கலாம். தண்ணீர் போகிற வழியை நம்மால் மாற்ற முடியாது.

முதல் ஞாயிறு: கொரட்டூர்

ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினோம். தனி வீடு, அரைக் கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. வாசலில் நந்தியாவட்டை. உள்ளே புது டைல்ஸ், புதுப் பெயிண்ட். மாப்பிள்ளைக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. விலையும் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். தெருவிலிருந்து வீட்டுக்குள் போக இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது! கட்டும்போது எல்லோரும் தெருவைவிட உயரமாகத்தான் கட்டுவார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுசு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிடுகிறது. வீடு பள்ளத்தில் தங்கிவிடுகிறது. ஆகையால் முதலில் படியை எண்ணுங்கள். ஏறிப் போகிற வீடா, இறங்கிப் போகிற வீடா?

உள்ளே போனதும் இன்னும் சில அடையாளம் கிடைத்தது. கூடத்துச் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குச் சமையலறை மாதிரி டைல்ஸ் ஒட்டியிருந்தது. சுவிட்சு போர்டுகளெல்லாம் கழுத்து உயரத்தில் இருந்தன. பிரிட்ஜ் ஒரு சிமெண்டு மேடைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. வெளியே பின் சுவரில் பெயிண்ட் அடிக்க மறந்த இடத்தில், பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு பழுப்புக் கறை.

"இந்த ஏரியாவுல தண்ணியே நிக்காதும்மா" என்றார் புரோக்கர்.

"அப்போ அந்தச் சுவத்துல கோடு எப்படி வந்தது?" என்றாள் தங்கை. அவர் பதில் சொல்லாமல் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

அந்த வீட்டில் குடியிருந்த பெண்மணி எங்களைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. 2023 டிசம்பர் புயல்ல மூணு நாள் தண்ணி உள்ளேயே நின்னுது. சிலிண்டர் மிதக்க ஆரம்பிச்சிடுச்சு. கட்டில்மேல ஸ்டவ்வ வச்சுத்தான் பாப்பாவுக்குப் பால் காய்ச்சினேன்" என்றாள். தங்கை இடுப்பில் இருந்த தன் குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தரகரிடம் கேட்டுத் தெரியாதது சமையலறையில் தெரிந்தது. குடியிருக்கிற பெண்ணிடமும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் பேசாமல் திரும்பாதீர்கள். "இங்கே வெள்ளம் வருமா?" என்று கேட்டால் ஊர்ப்பெருமையில் இல்லை என்பார்கள். "2015 டிசம்பரில் எங்கே தங்கியிருந்தீங்க? 2023 மிக்ஜாம் புயல்ல வண்டியை எங்கே நிறுத்தினீங்க?" என்று கேளுங்கள். உண்மை தானாக வரும். முனைக்கடைக்காரர், இஸ்திரி போடுகிறவர், பால் போடுகிறவர், இவர்களுக்குத் தெரியாத தெரு கிடையாது.

பெயரையும் கவனியுங்கள். தாங்கல், ஏரி, மடை, ஓடை, கலங்கல் என்று தெருப் பெயரிலோ நகர்ப் பெயரிலோ வந்தால் காது கொடுங்கள். பக்கத்து முகப்பேரில் வீட்டுவசதி வாரியத் திட்டத்துக்குப் பெயரே 'முகப்பேர் ஏரித் திட்டம்' அல்லவா? பெயர் இருப்பதாலேயே வீடு கெட்டது என்று அர்த்தமில்லை. எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது ஞாயிறு: அம்பத்தூர்

அம்பத்தூர் ஓ.டி.க்கு அருகே மேடான தெரு. நாலு படி ஏறிப் போக வேண்டும். "இங்கே மழைக் கேள்வி தீர்ந்தது, குடிநீர்க் கேள்வியை எடு" என்றேன்.

தங்கை பையிலிருந்து ஒரு காலிப் பாட்டிலை எடுத்தாள். (முன்னமேயே சொல்லி வைத்திருந்தேன்.) ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒரு பிடி துவரம் பருப்பை உங்கள் வழக்கமான தண்ணீரிலும் இந்தத் தண்ணீரிலும் தனித்தனியே வேகப் போடுங்கள். கடினமான தண்ணீரில் பருப்பு மசியாது. சோப்பு நுரைக்காது. டீயின் மேல் ஆடை மாதிரி ஒரு படலம் கட்டும். வீட்டிலேயே தெரியும் அடையாளமும் உண்டு. குழாய் வாயில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் உப்பும் சுண்ணாம்பும். கழிவறைப் பீங்கானில் செம்பழுப்புக் கறை இருந்தால் இரும்பு.

பிறகு அதே தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்களும் தனியார் ஆய்வகங்களும் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தருகின்றன. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. நைட்ரேட் மட்டும் 45-ஐத் தாண்டவே கூடாது. சின்னக் குழந்தை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். நைட்ரேட் மிகுந்த தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, உடம்பு நீலம் பாரிக்கும். "கொதிக்க வச்சுக் கொடுத்தா சரியாப் போகும்" என்று நினைக்க வேண்டாம். கொதிக்கக் கொதிக்க நீர் சுண்டுமே தவிர நைட்ரேட் போகாது.

இந்த நைட்ரேட் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் வீட்டுக் கழிவிலிருந்தேதான். பாதாள சாக்கடை வராத தெருவில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருக்கும். அதன் கழிவு நீர் மண்ணில் இறங்குகிற இடத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி இடைவெளி வேண்டும் என்பது விதி. அரைக் கிரவுண்டு என்பது முப்பதுக்கு நாற்பது. எந்த மூலைக்கு எந்த மூலை அளந்தாலும் 50 அடிக்கு மேல் வராது! நம் வீட்டு டேங்க் ஒருபுறம் இருக்கட்டும், அடுத்த வீட்டுக்காரர் டேங்க் நம் போர்வெல்லுக்குப் பத்தடியில் இருக்கலாம். மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில் வெட்கப்பட வேண்டாம். தெருவில் பாதாள சாக்கடை இணைப்பு உண்டா, மெட்ரோ தண்ணீர் வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒரு தரம், கோடையில் லாரிக்கு மாதம் எவ்வளவு ஆகிறது, கழிவு லாரியை வருஷத்தில் எத்தனை முறை கூப்பிடுகிறார்கள் என்று விசாரியுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம். குழாய் மட்டும் சுவரோடு இறங்கி, அடியில் தொட்டி இல்லாத வீடுகள் உண்டு. மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அந்த வீட்டுத் தண்ணீரில் பருப்பு ஒன்பது விசிலுக்கும் விறைத்துக்கொண்டு நின்றது. ஆய்வகச் சீட்டில் நைட்ரேட்டும் அளவைத் தாண்டியிருந்தது. அந்தத் தெருவுக்கு மெட்ரோ தண்ணீரும் வரவில்லை. விட்டுவிட்டோம்.

மூன்றாவது ஞாயிறு: பூந்தமல்லி

"தனி வீடே வேண்டாம், பிளாட் பார்ப்போம்" என்றார் மாப்பிள்ளை. பஸ் பிடித்துப் பூந்தமல்லி போனோம். திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர். இங்கிருந்து பூக் கட்டி எடுத்துப் போய்க் காஞ்சி வரதருக்குச் சாத்திய பாகவதர் அவர். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை மெட்ரோ பாதை என்று முடிவானதும், தூண் எழும்புகிற வேகத்தில் விலையும் எழும்பிவிட்டது.

"மெட்ரோவுக்கு அஞ்சே நிமிஷம்" என்றது விளம்பரம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, காய்கறிப் பையோடு நடந்து பார்த்தோம். இருபத்தைந்து நிமிஷம்! விளம்பரக்காரர் எந்த வாகனத்தில் போனாரோ, தெரியாது. ஸ்டேஷன், பஸ் நிறுத்தம், ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, இவற்றுக்கெல்லாம் ஒரு தரம் நடந்துதான் பார்க்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு ஒரு தரம் நடந்தால் தெருவிளக்கு எரிகிறதா, தனியாக வரத் துணிவு இருக்குமா என்பதும் தெரிந்துவிடும்.

பிளாட் 1,000 சதுர அடி என்றார்கள். உள்ளே டேப் பிடித்து அளந்தால் 720-தான் வந்தது. மீதி படிக்கட்டு, லிப்ட், வராந்தா, வெளிச்சுவர் இவற்றின் பங்கு. ஆகவே 'கார்ப்பெட் ஏரியா எவ்வளவு?' என்றுதான் கேட்க வேண்டும். வீட்டுக்குள்ளே நாம் புழங்குகிற இடம் அதுதான். பால்கனி அதில் சேராது. கூடவே 'நிலத்தில் பிரிபடாத பங்கு எவ்வளவு?' என்றும் கேளுங்கள். அதைத்தான் யு.டி.எஸ். என்கிறார்கள். நாற்பது வருஷம் கழித்துக் கட்டடம் பழசானாலும் நமக்கு மிஞ்சுவது அந்த மண் பங்குதான். புதிதாகக் கட்டுகிற அடுக்ககமானால், மனை 500 சதுர மீட்டருக்கு மேலோ வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தால், 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி 'ரெரா'வில் பதிவு செய்தே விற்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

தண்ணீர்க் கேள்வி அடுக்ககத்திலும் உண்டு. மூன்றாவது மாடியில் இருந்தாலும் மோட்டாரும் மின் மீட்டரும் ஜெனரேட்டரும் தரைமட்டத்தில்தானே இருக்கின்றன? அங்கே தண்ணீர் புகுந்தால் மேலே விளக்கும் எரியாது, குழாயிலும் தண்ணீர் வராது. நாங்கள் பார்த்த கட்டடத்தில் மின் மீட்டர் பெட்டி முழங்கால் உயரத்தில் இருந்தது. கூவம் அங்கிருந்து ரொம்ப தூரமில்லை. திரும்பிவிட்டோம்.

நாலாவது ஞாயிறு: ஆவடி, திருநின்றவூர், திருமுல்லைவாயில்

மறுபடியும் ரயில். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சமதர்மப் பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட ஆவடியில், எங்கள் பட்ஜெட்டுக்குச் சமதர்மம் கிடைக்கவில்லை. இன்னும் தள்ளித் திருநின்றவூர் போனோம்.

அங்கே ஒரு நல்ல விஷயம் கண்ணில் பட்டது. வீடு அல்ல, கோயில்! பூசலார் நாயனார் ஊர் அது. கையில் காசில்லாத அவர் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினார். நாள் பார்த்து, தச்சரைக் கூட்டி, அஸ்திவாரத்திலிருந்து கலசம் வரை ஒவ்வொன்றாகச் செய்தார். காஞ்சியில் கல்லால் கட்டிய பல்லவ மன்னனின் கும்பாபிஷேகத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, சுவாமி இவருடைய கும்பாபிஷேகத்துக்கு வந்தார் என்பது பெரிய புராணக் கதை. மனசில் கட்டிய அந்தக் கோயிலுக்கும் அவர் கிணறு அமைத்தார், குளம் வெட்டினார் என்கிறார் சேக்கிழார். கற்பனை வீட்டுக்கே தண்ணீரை மறக்காதவரைப் பார்த்துவிட்டு நாம் மறக்கலாமா?

திரும்புகிற வழியில் திருமுல்லைவாயிலில் இறங்கினோம். மாசிலாமணீசுவரர் கோயில் இருக்கிற ஊர். ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் உள்ளே, பதினைந்து வருஷத்துப் பழைய வீடு. ஆறு படி ஏறினோம். மெட்ரோ தண்ணீர் இருந்தது. பருப்பும் பிறகு நன்றாகவே வெந்தது. ஆனாலும் அவசரப்படாமல் வீட்டை முழுசாகச் சோதித்தோம்.

பகல் மூன்று மணிக்குப் போனது நல்லதாயிற்று. காலை பத்து மணிக்கு எல்லா வீடும் குளுகுளுவென்றுதான் இருக்கும். மாலை வெயில் மேற்குச் சுவரில் ஏறும் நேரத்தில் அந்தச் சுவரை உள்ளேயிருந்து தொட்டுப் பாருங்கள். குழந்தை தூங்கும் அறை அந்தப் பக்கம் வேண்டாம். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் பத்து நிமிஷம் மின்விசிறி இல்லாமல் உட்காருங்கள்.

அடுத்தது ஓதம். அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால், இளைப்பு உள்ள குழந்தைக்கு அந்த வீடு ஆகாது. சுவரடியில் உப்புப் பூத்திருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் பளபளக்கிறதா என்று கவனியுங்கள். பூச்சில் மயிரிழை மாதிரி வெடிப்பு இருந்தால் பரவாயில்லை. ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக ஓடுகிற, விரல் நகம் நுழைகிற வெடிப்பு அஸ்திவாரம் இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். களிமண் பூமி மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அப்படி வெடிப்பு கண்டால் ஓர் இன்ஜினீயரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டாமல் மேலே பேச வேண்டாம். பன்னிரண்டு பவுனுக்கு முன்னால் அவருடைய கட்டணம் பெரிசல்ல.

குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து ஒரு சுற்று வாருங்கள். மாடிப்படிக் கம்பி இடைவெளியில் தலை நுழையுமா? மாடிச் சுவர் எட்டிப் பார்க்கிற உயரத்தில் இருக்கிறதா? தரைத்தொட்டி மூடிக்குப் பூட்டு உண்டா? மெயின் போர்டில் மின்கசிவைத் தடுக்கும் சாதனம் இருக்கிறதா? சமையலறையில் நீங்களே நின்று பாருங்கள். மேடை இடுப்புக்குச் சரியா, ஜன்னல் எந்தப் பக்கம், புகை எங்கே போகும், சிங்க் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது? அந்த இடத்தில் தினமும் நாலு மணி நேரம் நிற்கப் போவது நாம்தானே.

"மழை வரட்டும்"

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. "இன்னும் ரெண்டு பார்ட்டி க்யூவுல இருக்காங்க சார். இன்னிக்கே அட்வான்ஸ் போட்டுடுங்க" என்றார் புரோக்கர். மாப்பிள்ளை சட்டைப் பையில் கை வைத்துவிட்டார்.

தங்கை அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஒரு நல்ல மழை பெய்யட்டுங்க. பாத்துட்டு அட்வான்ஸ் தர்றோம்" என்றாள். ஐப்பசி பிறக்கப் பத்து நாள் இருந்தது. புரோக்கர் சிரித்தார். வீட்டுக்காரர் முகம் சுளித்தார். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் மாப்பிள்ளை பேசவில்லை. "போனா போகட்டும்க்கா. என் நகைங்க அது. தண்ணியில போட மாட்டேன்" என்று என் காதில் சொன்னாள். குரல் நடுங்கத்தான் செய்தது. அந்தப் பத்து நாளும் அவள் சரியாகத் தூங்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

மழை வந்தது. இரவு முழுக்கக் கொட்டியது. விடியற்காலையில் குடையோடு நாங்கள் இருவரும் போனோம். தெருவில் கணுக்கால் தண்ணீர். ஆனால் அது ஓடிக்கொண்டிருந்தது, தேங்கவில்லை. ஆறு படியில் ஒரு படிதான் நனைந்திருந்தது. பதினோரு மணிக்குத் தெரு வடிந்துவிட்டது. அந்த இரண்டு பார்ட்டிகளும் எங்கே போனார்களோ, வீடு அப்படியேதான் இருந்தது! வீட்டுக்காரரும் சற்று இறங்கி வந்தார்.

பத்திரம் ஆண்கள் விஷயமா?

இல்லவே இல்லை. நகை நம்முடையது என்றால் பத்திரத்தைப் படிக்கிற உரிமையும் நம்முடையது. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறாமல் வர வேண்டும். வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா? நில அளவை வரைபடத்தில் உள்ள அளவும் நேரில் அளந்த அளவும் ஒன்றா? நிலத்தின் வகைப்பாட்டில் நீர்நிலை, வாய்க்கால், புறம்போக்கு என்று ஏதாவது வருகிறதா? வந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் அங்கீகாரம் உண்டா? அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டதும், 2017-ல் அவற்றை வரன்முறைப்படுத்தத் திட்டம் வந்ததும் நினைவிருக்கும். "வரன்முறை ஆயிடுச்சு" என்றால் உத்தரவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அசல் பத்திரத்தைக் காட்டத் தயங்கினால் அது எங்கேயோ அடகில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியாக எல்லாவற்றையும் ஒரு வக்கீலிடம் கொடுத்துக் கருத்து வாங்குங்கள். விற்பவர் சொல்கிற வக்கீல் வேண்டாம், நமக்குத் தெரிந்தவராக இருக்கட்டும்.

செலவுக் கணக்கில் பதிவுச் செலவை மறக்காதீர்கள். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் மதிப்புக்கு 3 லட்சத்து 60 ஆயிரம்! 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். சின்ன மனை வாங்குகிறவர்களுக்கு அது உதவும். சலுகை கிடைக்காத விலையானாலும், பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும். தங்கை கேட்டதும் மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். மழைக்குக் காத்திருந்த பிறகு அவளிடம் அவருக்குத் தனி மரியாதை வந்துவிட்டது என்று எனக்கு ஓர் அபிப்பிராயம்!

கைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு சீட்டு

* டேப், காலிப் பாட்டில், டார்ச், ஒரு நோட்டு.
* தெருவிலிருந்து எத்தனை படி ஏற்றம்? எதிர்த்த வீட்டுக்கும் எண்ணுங்கள்.
* பகல் மூன்று மணிக்கு ஒரு தரம், இரவு எட்டு மணிக்கு ஒரு தரம், மழை பெய்த மறுநாள் ஒரு தரம்.
* 2015, 2023: இந்த இரண்டு டிசம்பரையும் மூன்று பேரிடம் தனித்தனியே கேளுங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.
* தண்ணீரில் பருப்பு வேகிறதா? ஆய்வகச் சீட்டில் உப்பும் நைட்ரேட்டும் எவ்வளவு?
* நம் செப்டிக் டேங்க் எங்கே? பக்கத்து வீட்டாருடையது எங்கே?
* எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து விடுங்கள். எல்லாக் கதவையும் ஒரு தரம் சாத்திப் பாருங்கள்.
* முப்பது வருஷ வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா, வரைபடம், அங்கீகாரம். அசலைக் கண்ணால் பாருங்கள்.
* "இன்னைக்கே அட்வான்ஸ்" என்று சொன்னால், "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள்.

வைகாசி, ஆனியில் வீடு பார்க்க ஆரம்பித்தால் தண்ணீர்ப் பஞ்சமும் தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் முடிவு செய்தால் வெள்ளமும் தெரிந்துவிடும். ஆறு மாசம் கூட ஆனால் என்ன? தையில் பால் காய்ச்சிக்கொள்ளலாம்.